கடையை இடிக்குமுன் கடலைப் பாருங்கள்

புதுச்சேரி குருசுக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

"கடலுக்குப் பக்கத்துத் தெருவில் என் மாமனார் காலத்து மளிகைக் கடை இருக்கிறது. கீழே கடை, மேலே சாமான் போடும் அறைகள். மாமனார் அந்தக் கட்டடத்தை என் பெயருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். மளிகை வியாபாரம் முன்போல் இல்லை. கீழே பலகாரக் கடையும், மேலே வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு நாலு அறையும் போட்டால் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்கிறார் என் வீட்டுக்காரர். நடுச்சுவரை எடுத்துவிட்டு, முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட வேண்டுமாம். கொத்தனார் நல்ல நாள்கூடப் பார்த்துவிட்டார். என் வளையலையும் சங்கிலியையும் பாங்கியில் வைப்பதாக இருக்கிறோம். 'வீட்டு வரி ரசீதுதான் இருக்கிறதே, பர்மிட்டை வேலை பாதி ஆன பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்கிறார் ஒரு தரகர். நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். போடலாமா?"

சகோதரி, இப்போது போட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரரின் யோசனையை நான் குறை சொல்லவில்லை. கடற்கரைச் சாலைக்கு நாள்தோறும் வருகிற கூட்டத்துக்கு இன்னும் பத்துப் பலகாரக் கடை இருந்தாலும் ஓடும். ஆனால் உங்கள் காரியத்தின் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் நகை, அடுத்தது கொத்தனார், அதற்கடுத்தது சுவர், கடைசியில் அனுமதி என்கிறார் தரகர். முதலில் அனுமதி, அடுத்தது நகை, அதற்கப்புறமே கொத்தனார் என்று இருக்க வேண்டும். வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னது புது வீட்டுக்கு. கட்டின கட்டடத்தை மாற்றிக் கட்டுவது அதைவிடச் சிக்கலான காரியம்.

முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றியே பேசுவோம். கட்டட அனுமதிக்கு விண்ணப்பம் செய்பவர் சொந்தக்காரர். விதி மீறி வேலை நடந்தால் நோட்டீஸ் வருவதும் சொந்தக்காரர் பெயருக்குத்தான். கொத்தனார் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தரகர் தம் பங்கை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சீல் வைத்த கதவுக்கு முன்னால் நிற்கப் போகிறவர் நீங்கள். நகையும் உங்களுடையது, பத்திரமும் உங்கள் பெயரில் இருக்கிறது, கையெழுத்தும் உங்களுடையது. அப்படியிருக்கப் பிளானைப் பார்க்கிற வேலை மாத்திரம் எப்படி மற்றவர்களுடையதாகும்?

பிளானைப் பார்த்தால் நமக்கு என்ன புரியும் என்று தயங்க வேண்டாம். புடவைத் தலைப்பைப் பார்த்து இத்தனை கஜம் என்று சொல்லிவிடுகிற நமக்கு இது ஒரு பெரிய வித்தையா? மாற்றிக் கட்டும் பிளான்களில் வழக்கமாக ஒரு வர்ண ஏற்பாடு உண்டு. புதிதாகக் கட்டப் போவது சிவப்பு. இடிக்கப் போவது மஞ்சள் கோடுகள். ஏற்கெனவே இருப்பது கறுப்புக் கோடு. ஆகவே குங்கும நிறம் வருவது, மஞ்சள் நிறம் போவது என்று மனத்தில் வைத்துக்கொண்டு தாளைப் பாருங்கள். உங்கள் நடுச்சுவர் மஞ்சளாக இருக்கிறதா, மாடிப் படி எங்கே இருக்கிறது, தெருப்பக்கம் சிவப்பு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் வரைந்த பிளானில் கையெழுத்துப் போடாதீர்கள். வரைகிறவர் பதிவு பெற்ற கட்டடக் கலைஞராகவோ பொறியாளராகவோ இருக்க வேண்டும் என்பது முக்கியம். கொத்தனார் சிமெண்டுச் சாக்கின் பின்புறத்தில் போட்டுக் காட்டும் படம் பிளான் ஆகாது.

எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டுமா? வேண்டியதில்லை. வெள்ளையடிப்பது, பூச்சு உதிர்ந்த இடத்தைப் பூசுவது, பழைய தளக்கல்லை எடுத்துப் புதுக்கல் போடுவது இவை சாதாரண மராமத்து. சுவரை எடுப்பது, மாடி ஏற்றுவது, மாடிப் படியை இடம் மாற்றுவது, முகப்பை மாற்றுவது, கடையை விடுதியாக்குவது என்று வரும்போதுதான் அனுமதி தேவைப்படும். உங்கள் திட்டத்தில் மாடி ஏற்றுவதைத் தவிர இவை எல்லாமே இருக்கின்றன.

வீட்டு வரி ரசீது இருக்கிறதே என்பது பலர் நம்பும் கதை. வரி ரசீது நீங்கள் வரி கட்டியதற்கு அத்தாட்சி. மின்சார ரசீது விளக்கெரித்ததற்கு அத்தாட்சி. கட்டடம் அனுமதி பெற்றுக் கட்டப்பட்டது என்பதற்கு இரண்டுமே சாட்சி ஆகமாட்டா. 2011 அக்டோபர் கடைசியில் சென்னைத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பல கடைக் கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாமெல்லாம் புடவையும் பாத்திரமும் வாங்கிய கடைகள் அவை. வரியும் கட்டினார்கள், விளக்கும் எரிந்தது. ஆனாலும் பூட்டு விழுந்தது.

இனிக் கடலுக்கு வருவோம். உங்கள் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான்.

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கிய பிறகு பிரெஞ்சுக்காரர் மறுபடி கட்டிய நகரம், பழைய மதில் இருந்த இடத்தில் பின்னால் வந்த புல்வார் சாலைகளுக்குள் அடங்கியிருக்கிறது. வடக்குப் புல்வாரான சர்தார் வல்லபாய் படேல் சாலையைத் தாண்டினால் உங்கள் குருசுக்குப்பம். உள்ளூர்க்காரர்கள் பலர், புல்வாருக்கு வெளியே இருப்பதால் நமக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை என்று எண்ணுகிறார்கள். பழைய நகரத்தின் பாரம்பரியக் கட்டுப்பாடுகளைப் பற்றி அப்படி நினைக்க இடமிருக்கலாம். அதிலும் உங்கள் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் கடலோர விதிக்குப் புல்வாருக்கு உள்ளே, வெளியே என்ற பேதம் கிடையாது.

1991-இல் மத்திய சர்க்கார் முதன்முதலாகக் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று ஓர் அறிவிப்புச் செய்தது. 2011-லும் 2019-லும் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். கடல் ஏற்றத்தின்போது அலை வந்து தொடும் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் வரை இந்த விதிகள் பேசுகின்றன. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்துவிட்ட நகரப் பகுதிகள் இரண்டாம் வகை. அந்த வகையில், அனுமதி பெற்ற பழைய கட்டடத்தை மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஆனால் இப்போதைய உபயோகம் மாறக்கூடாது, தரைப்பரப்புக் கணக்கும் விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று 2011, 2019 இரண்டு அறிவிப்புகளுமே சொல்கின்றன.

இதில் இரண்டு சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, 'அனுமதி பெற்ற' கட்டடம். உங்கள் மாமனார் காலத்து அனுமதிக் காகிதம் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மற்றொன்று, 'உபயோகம்'. மளிகைக் கடை மளிகைக் கடையாக இருக்கிற வரையில் கேள்வி எளிது. மேல்மாடி விடுதியாகும்போது அது உபயோக மாற்றமா இல்லையா என்பதை நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. தரகரும் தீர்மானிக்க முடியாது. உரிய அதிகாரியிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் உத்தேசம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் எடுக்கவும் கட்டுப்பாடு உண்டு.

"பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்டினாரே, அவருக்குச் சுலபமாகக் கிடைத்ததே?" என்று நீங்கள் கேட்கலாம். 2019 அறிவிப்பின்படி, தாம் குடியிருப்பதற்கென்று 300 சதுர மீட்டருக்குள் கட்டும் வீட்டை உள்ளூர் அமைப்பே பார்த்து அனுமதிக்கலாம். அந்தச் சலுகை குடியிருக்கும் வீட்டுக்கு. வாடகைக்கு விடும் அறைக்கும் கடைக்கும் இல்லை. உங்கள் காகிதம் புதுச்சேரி கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த ஒரு காகிதத்துக்கு இத்தனை பயமுறுத்தல் எதற்கு என்று தோன்றினால், கொச்சிக்குப் பக்கத்தில் மரடு என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். காயல் ஓரத்தில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். 2006-இல் உள்ளூர்ப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்திருந்தது. ஆகவே காகிதமே இல்லாமல் கட்டியவை அல்ல. கடலோர ஆணையத்தின் அனுமதிதான் இல்லை. வழக்கு வருஷக் கணக்கில் நடந்து, 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்து நான்கையும் தகர்த்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் சில விநாடிகளில் தூளாயின. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இடைக்கால நஷ்டஈடாக 25 லட்ச ரூபாய் கொடுக்க நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனாலும் ஆயுள் சம்பாத்தியத்தைப் போட்டு வாங்கிய வீட்டிலிருந்து அண்டாவையும் கட்டிலையும் இறக்கிக்கொண்டு வெளியேறிய பெண்களின் மனநிலையை எந்த ஈடு சரிக்கட்டும்? அவர்கள் வாங்கியவர்கள்தாம், தப்புச் செய்தவர்கள் வேறு. ஒரு காகிதம் இருந்தது, மற்றொரு காகிதம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடலோர விதி வெறும் கெடுபிடி அல்ல என்பதைக் குருசுக்குப்பத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல்தடுப்பு வந்த பிறகு, வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு உங்கள் கரையைக் கடல் அரித்ததைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்தக் கரையில் கட்டடத்தைப் பலவீனப்படுத்துவது கடலுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல.

அடுத்து அந்த நடுச்சுவர். பழைய புதுச்சேரிக் கட்டடங்களில் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் தூண்கள் இருக்கமாட்டா. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய கனத்த சுவர்களே எல்லாப் பாரத்தையும் தாங்குகின்றன. மேலே மரச்சட்டங்கள், அவற்றின்மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய தளம். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, அதுதான். நடுச்சுவரை எடுத்தால் அந்த மரச்சட்டங்களின் முனை எதன்மேல் உட்காரும் என்று பொறியாளரைக் கேளுங்கள். மேலே நாலு அறைக்கும் குளியலறை, அதற்குமேல் தண்ணீர்த் தொட்டி வரும் அல்லவா? ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிறைந்தால் ஆயிரம் கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை நாற்பதை ஒரே இடத்தில் அடுக்கினது போல. உங்கள் மாமனார்கூட அப்படி அடுக்கியிருக்கமாட்டார்.

கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கட்டடத்தைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் யார்? நகராட்சியே இருந்த கட்டடம். 2014 நவம்பர் 29-ஆம் தேதி, மழையில் அது இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு பழைய உருவத்திலேயே மறுபடி கட்டி, 2021 பிப்ரவரி 25-இல்தான் திறந்தார்கள். ஆறு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. சர்க்காருக்கு உலக வங்கி இருக்கிறது. உங்களுக்கு வளையலும் சங்கிலியும்தான் இருக்கின்றன.

முகப்புக்குக் கண்ணாடிதான் போட வேண்டும் என்பதையும் ஒரு முறை யோசியுங்கள். உங்கள் நகரத்திலேயே வைசியாள் வீதியில், திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணுமாக இருந்த வீடுகளின் முகப்பைப் பழையபடி செப்பனிட்டார்கள். ஐரோப்பிய உதவியோடு நடந்த அந்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. வெளியூர்க்காரர் புதுச்சேரிக்கு வருவது இவற்றைப் பார்க்கத்தான். கண்ணாடிக் கடைகள் அவர்கள் ஊரிலேயே வேண்டிய மட்டும் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. கீழே அடுப்பு, மேலே தூங்குகிறவர்கள், இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மாடிப் படி. கடிதத்தில் நீங்கள் வேறு வழி எதையும் குறிப்பிடவில்லை. 2004 ஜூலை 16-ஆம் தேதியைத் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் மறக்கமுடியாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குப் பரவியது. இறங்க வழி குறுகலாக இருந்தது. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். தீயணைப்பு அதிகாரி உங்கள் பிளானைப் பார்த்து, "இரண்டாவது வழி எங்கே?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் கேட்பது மேலே தூங்குகிற யாரோ ஒரு தாயின் சார்பில்.

சரி, என்ன செய்யலாம்? வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் காரியம், காகிதங்களை ஒரே பையில் சேருங்கள். மாமனார் எழுதி வைத்த பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, அளவு வரைபடம், வில்லங்கச் சான்று, பழைய கட்டட அனுமதி, வரி ரசீது. பழைய பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் நம்பகமானவரிடம் மொழிபெயர்த்து வாங்கி வையுங்கள். பழைய அனுமதி கிடைக்கவில்லை என்றால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். விண்ணப்பம் எந்த மேஜையில் தூங்குகிறது என்று கேட்கவும் அதே சட்டம் உதவும்.

இரண்டாவது, பணம் ஒன்றும் செலவழிக்குமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். என் மனை கடலோர வரைபடத்தில் எந்த வகையில் இருக்கிறது? அந்தத் தெருவில் விடுதிக்கு இடம் உண்டா? என் கட்டடம் ஏதேனும் பட்டியலில் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் 'கூடாது' என்று வந்தாலும் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். சுவரை இடித்த பிறகு வந்தால் மாற்ற முடியாது.

மூன்றாவது, பிளான் போட்டுப் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்துக்கு விண்ணப்பம். 1969-ஆம் வருஷத்து நகர, கிராம அமைப்புச் சட்டத்தின்படியும் 2012-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின்படியும் அவர்கள் பார்ப்பார்கள். இப்போது இணைய வழியிலும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் எதுவானாலும் ரசீதோடு கட்டுங்கள். ரசீது இல்லாத பணம் கட்டணம் அல்ல.

நாலாவது, வியாபாரம் தொடங்க நகராட்சி லைசென்ஸும் பலகாரத்துக்கு உணவுப் பாதுகாப்பு லைசென்ஸும் வேறு. கட்டட அனுமதி இவற்றுக்குப் பதிலாகாது.

ஐந்தாவது, அனுமதி வந்த பிறகு பிளானில் உள்ளபடி மட்டும் கட்டுங்கள். "ஓர் அடி நீட்டிக்கொள்ளலாம் அம்மா, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கொத்தனார் ஆசை காட்டுவார். அந்த ஓர் அடிதான் முடிவுச் சான்று வாங்கப் போகும்போது காலை இடறும்.

இத்தனைக்கும் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை நகை உங்கள் கையிலேயே இருக்கட்டும். பாங்கியில் வைத்த நாள் முதல் வட்டி ஓடும். அனுமதி வருகிற வரை அது காத்திருக்காது. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், வேலை ஆரம்பிக்கும் நாள் அனுமதி வந்த பிறகுதான் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நல்ல நாள் இந்தத் தையோடு முடிந்துபோகாது.

இன்னொன்றும் தோன்றுகிறது. இரண்டு காரியத்தையும் ஒன்றாக ஏன் செய்ய வேண்டும்? நடுச்சுவரைத் தொடாமல், கீழே பலகாரக் கடையை மட்டும் உரிய லைசென்ஸோடு முதலில் ஆரம்பித்துப் பாருங்கள். ஒரு வருஷம் ஓடட்டும். அதற்குள் மாடிக்கு அனுமதி வந்தால் கடை வருமானத்திலேயே ஓர் அறை, இரண்டு அறையாகச் செய்துகொள்ளலாம். வராவிட்டாலும் கடை உங்களுடையது, சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கும்.

இதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். "பொம்பிளைகளுக்கு ஏன் இந்தக் கவலை?" என்று அவர் கேட்கமாட்டார் என்று நம்புகிறேன். கேட்டால், உங்கள் மாமனார் கட்டடத்தை யார் பெயருக்கு எழுதி வைத்தார் என்பதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். அந்தப் பெரியவருக்கு ஏதோ ஒரு கணக்கு இருந்திருக்கும்.